50 கிராம் போன இடம்: ஒரு நண்டுக் கொள்முதல் மென்பொருளின் நிகழ்வு ஆய்வு

மண்டபம் பக்கம் உள்ள ஒரு நண்டுக் கொள்முதல் கூடத்தில் நடந்தது இது. கூடத்தின் பெயரும், அந்த மென்பொருளை முதலில் எழுதிக் கொடுத்தவர்கள் பெயரும் இங்கே வேண்டாம். கணக்கு ஏன் உதைக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்யும் வேலை எங்களிடம் வந்தது. நிரல் எழுதுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுவதையும் எழுதிவைக்கிறேன்.

புகார் ஒரு நாட்டுப்படகுக்காரரிடமிருந்து வந்தது. தராசோடு இணைந்த சின்ன அச்சுப்பொறி தந்த எடைச் சீட்டையும், கூடம் கொடுத்த பில்லையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"தம்பி, சீட்டுல 37.650 போட்டிருக்கு. பில்லுல 37.6 போட்டிருக்கு. அம்பது கிராம் எங்க போச்சு?"

"பேப்பர்ல இடம் இல்லண்ணே, அதான் சுருக்கிப் போடுது. உள்ள சரியாத்தான் இருக்கும்."

கணக்குப் பார்க்கும் பையன் சொன்ன பதில் அது. அவன் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். அன்று தரம் பிரித்தபோது கொஞ்சம் மெலிந்த நண்டு கலந்திருந்ததால் கிலோ 400 ரூபாய் என்று பேசிய விலையை 390 ஆகக் குறைத்து, பில்லை மறுபடி போட்டார்கள். புதுப் பில்லில் தொகை 14,664 ரூபாய். படகுக்காரர் போனில் பெருக்கிப் பார்த்தார்: 37.650 கிலோவுக்கு 14,683 ரூபாய் 50 காசு வர வேண்டும். பத்தொன்பதரை ரூபாய் குறைகிறது. அப்படியானால் உள்ளேயும் சரியாக இல்லை.

பத்தொன்பதரை ரூபாய்க்கு இவ்வளவு பேச்சா என்று வெளியூர்க்காரருக்குத் தோன்றும். வந்த தொகையில் எண்ணெய்ச் செலவு, ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து மீதியைத்தான் பங்கு பிரிப்பார்கள். கூடத்தில் வாங்கிய முன்பணத்துக்குப் பிடித்தமும் அதே பில்லில்தான் நடக்கும். பில் தொகை தப்பு என்றால் படகுக்காரர் கூட வந்த ஆட்களுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அதற்குள் கரையில் பேச்சு கிளம்பிவிட்டது: தராசில் கை வைக்கிறார்கள் என்று. கூடத்துக்காரருக்குப் பயம் வந்தது அந்தப் பேச்சினால்தான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் போகாத நாட்களில் நாட்டுப்படகு நண்டு மொத்தமும் இந்த மாதிரிக் கூடங்களுக்கு வரும். நம்பிக்கை போனால் படகு அடுத்த கூடத்துக்குப் போய்விடும்.

முதலில் தராசைத்தான் பார்த்தோம். படிக்கல் வைத்துச் சோதித்ததில் பிசகில்லை. தராசின் நுணுக்கம் 50 கிராம், அதாவது எடை எப்போதும் .000, .050, .100 என்றுதான் விழும். இந்த ஒரு விவரம் பிறகு பெரிய உதவியாக இருந்தது. குறைந்த 19.50 ரூபாயை 390 ஆல் வகுத்தால் 0.05 வருகிறது. வேறு சில பழைய புகார்களை எடுத்து அதேபோல் வகுத்துப் பார்த்தோம். எல்லாவற்றிலும் அதே 0.05. ஆள் கை வைத்தால் இப்படி ஒரே அளவாக வராது. இது நிரலின் வேலை.

மென்பொருள் சி ஷார்ப் (C#) என்ற நிரல் மொழியில் எழுதப்பட்டது. திரைகள் விண்டோஸ் ஃபார்ம்ஸ், டேட்டாபேஸோடு பேசுவது என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர். நடுவில் இருப்பது 'வரவு' என்ற கிளாஸ், அதாவது ஒவ்வொரு பதிவுக்கும் வார்ப்பு (மூலத்தில் ஆங்கிலப் பெயர்கள், இங்கே தமிழில் தருகிறேன்). ஒரு படகின் ஒரு எடைக்கு ஒரு வரவு. அதற்குள் படகு எண், ரகம், எடை, விலை, தொகை, பில் அச்சானதா, கணக்கு முடிந்ததா, குறிப்பு என்று ஃபீல்டுகள் (மதிப்பு வைக்கும் இடங்கள்). எடைத் திரை வரவை உருவாக்கும், விலைத் திரை விலை போட்டு எடையோடு பெருக்கித் தொகையை எழுதும், பில் திரை அச்சடிக்கும், கணக்குத் திரை முன்பணம் கழித்துப் பணம் கொடுக்கும்.

பில் திரையில் இருந்தது அந்த வரி. வெப்பத் தாளில் பில் அடிக்கும் அச்சுப்பொறிக்கு அகலம் குறைவு. மூன்று தசம இலக்கம் போட்டால் எடை, பக்கத்து விலைப் பத்தியில் போய் ஒட்டிக்கொண்டது. யாரோ ஒருவர் சுலபமான வழியில் போயிருக்கிறார்: அச்சடிக்கும் முன்

வரவு.எடை = மேத்.ரவுண்ட்(வரவு.எடை, 1);

எழுத நினைத்தது 'ஒரு இலக்கத்தில் காட்டு' என்பது. எழுதியது 'எடையையே மாற்று' என்பது. அடுத்த வரியில் 'பில் அச்சானது' என்ற கொடியை (ஆம்/இல்லை குறியை) உயர்த்தி, மாற்றங்களைச் சேமிக்கும் சேவ்சேஞ்சஸை அழைக்கிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் தன் கண்காணிப்பில் உள்ள ஆப்ஜெக்டில் (கிளாஸிலிருந்து உருவான ஒரு வரவில்) என்னென்ன மாறியிருக்கிறது என்று பார்த்து, மாறிய எல்லாவற்றையும் எழுதும். கொடியோடு சேர்ந்து சுருங்கிய எடையும் டேட்டாபேஸுக்குப் போய்விட்டது. தொகை ஏற்கெனவே விலைத் திரையில் கணக்கிட்டு வைத்ததால் முதல் பில்லில் தப்பு தெரியாது. விலையை மாற்றி மறுபடி பெருக்கும்போதுதான் சுருங்கிய எடை கணக்கில் ஏறும்.

இது பல மாதம் ஓடியும் ஏன் யாருக்கும் பிடிபடவில்லை? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். மேத்.ரவுண்ட், சரிபாதியில் நிற்கும் எண்ணை எப்போதும் மேலே தள்ளாது. கடைசி இலக்கம் இரட்டைப்படையாக வரும் பக்கத்துக்குக் கொண்டுபோகும். சி ஷார்ப்பில் வேறு சொல்லாவிட்டால் அதுதான் வழக்கம். 37.650 ஆனால் 37.6 ஆகும். 22.750 ஆனால் 22.8 ஆகும். தராசோ 50 கிராம் தராசு. அதில் 50-இல் முடியும் எடை எல்லாமே சரிபாதியில்தான் நிற்கும். ஒரு படகுக்கு 50 கிராம் போகும், இன்னொரு படகுக்கு 50 கிராம் வரும். மாதக் கடைசியில் மொத்தத்தைக் கூட்டினால் ஏறக்குறைய சரியாக இருக்கும். ஆடிட்டர் கேட்க ஒன்றுமில்லை. 50 கிராம் கூடக் கிடைத்தவர் எவரும் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து புகார் சொல்லவில்லை, அது மனித சுபாவம்.

சரி, அந்த ஒரு வரியை நீக்கி, அச்சடிக்கும்போது மட்டும் எழுத்து வடிவத்தை மாற்றினால் வேலை முடிந்தது. அதை அன்றைக்கே செய்தோம். பழைய எடைகளை மீட்கவும் வழி இருந்தது: எடைத் திரை, தராசு அனுப்பும் எண்ணை அப்படியே ஒரு பதிவுக் கோப்பிலும் எழுதி வந்திருந்தது. ஆனால் கூடத்துக்காரர் நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "பில் அடிக்கிற இடத்துக்கு எடையை மாத்துற உரிமை எப்படி வந்துச்சு?"

வந்த கதை சுவாரசியமானது. ஆதியில் எல்லா ஃபீல்டுகளும் வெறும் பப்ளிக். பப்ளிக் என்றால் நிரலின் எந்தப் பகுதியும் தொடலாம், பிரைவேட் என்றால் அந்தக் கிளாஸ் மட்டும். 'ஃபீல்டைத் திறந்து வைக்காதே, பிரைவேட் ஆக்கி ப்ராப்பர்ட்டி வழியாகக் கொடு' என்ற புத்திமதி யாரோ சொல்லி, முந்தைய குழு எடிட்டரின் வசதியைப் பயன்படுத்தி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் 'கெட்; செட்;' (படிக்க ஒரு வழி, எழுத ஒரு வழி) ப்ராப்பர்ட்டியாக மாற்றியிருக்கிறது. கோடு சுத்தமானது போல் தெரிந்தது. வெளியிலிருந்து பார்த்தால் முன்பு என்ன செய்ய முடிந்ததோ அதெல்லாம் இப்போதும் செய்ய முடியும். வாசலுக்குக் கதவு போட்டு, தாழ்ப்பாள் போடாமல் விட்ட கதை. பின்னாளில் செட்டருக்குள் (எழுதும் வழிக்குள்) சோதனை வைக்கலாம் என்ற ஒரு வசதி மட்டும் கிடைத்தது. அதையும் யாரும் வைக்கவில்லை.

எங்கள் குழுவில் இருந்த இளைஞர் இங்கேதான் ஒரு யோசனை சொன்னார்: செட்டரில் சோதனை வைத்துவிடலாம், எடை பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும், தராசின் உச்ச அளவைத் தாண்டக் கூடாது. நல்ல சோதனைதான். ஆனால் 37.6 என்பது அந்தச் சோதனை ஒவ்வொன்றையும் கடந்துவிடும். மதிப்பில் தவறே இல்லை. எடை போட்டு முடிந்த பிறகு, எடை போடாத ஒருவர் எழுதினார் என்பதுதான் தவறு. செட்டருக்குத் தெரிவது வரும் எண் ஒன்றுதான். யார் எழுதுகிறார், எந்தக் கட்டத்தில் எழுதுகிறார், எதற்காக எழுதுகிறார் என்பது அதற்குத் தெரியாது. இதனால்தான் 'ஒவ்வொரு ஃபீல்டுக்கும் ஒரு கெட்டர், ஒரு செட்டர்' என்று கல்லூரியில் சொல்லித் தருவதை நான் அரைகுறைப் பாடம் என்பேன். படிப்பதும் எழுதுவதும் ஒரே உரிமையின் இரண்டு பாதிகள் அல்ல; இரண்டும் தனித்தனி உரிமைகள்.

ஒரு தாளில் கோடு போட்டு, ஃபீல்டுகளை ஒரு பக்கமும் திரைகளை மறுபக்கமும் எழுதி, யார் படிக்கிறார், யார் எழுதுகிறார் என்று குறித்தோம். நிரலைப் பார்த்துக் குறிக்கவில்லை. எடை போடும் அண்ணனையும் கணக்குப் பையனையும் உட்கார வைத்துக் கேட்டுக் குறித்தோம். எடையை எல்லோரும் படிக்கிறார்கள், எழுதுவது எடைத் திரை மட்டும், அதுவும் ஒரே தடவை. படகு எண்ணும் ரகமும் அப்படியே. விலையை விலைத் திரை எழுதும். தரம் பிரித்த பிறகு மாற்றலாம். பணம் கொடுத்த பிறகு மாற்றக் கூடாது. தொகையை யாரும் எழுதவே வேண்டியதில்லை, அது எடையும் விலையும் பெருகி வருவது. குறிப்பை யாரும் எப்போதும் எழுதலாம். எட்டு ஃபீல்டுக்கும் ஒரே மாதிரி 'கெட்; செட்;' எழுதியிருந்த கிளாஸில், உண்மையில் அந்த இரண்டும் திறந்திருக்க வேண்டியது குறிப்புக்கு மட்டும்தான்.

அப்புறம் மாற்றம். எடையின் செட்டை நீக்கிவிட்டு 'கெட்;' மட்டும் வைத்தால் கன்ஸ்ட்ரக்டருக்குள் (ஆப்ஜெக்டை உருவாக்கும் பகுதி) மட்டும்தான் மதிப்புக் கொடுக்க முடியும்; நமக்கு வேண்டியது அதுவே. ஆனால் செட்டே இல்லாத ப்ராப்பர்ட்டியை என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் தானாக டேட்டாபேஸ் பத்தியாக எடுத்துக்கொள்வதில்லை, தனியாகச் சொல்ல வேண்டும். அதனால் எடை, படகு எண், ரகம் மூன்றுக்கும் 'கெட்; பிரைவேட் செட்;' என்று வைத்து, மதிப்பைக் கன்ஸ்ட்ரக்டரில் வாங்கினோம். கெட்டுக்கும் செட்டுக்கும் வேறு வேறு அனுமதி கொடுக்கும் இந்த வசதி 2005-இல் வந்த சி ஷார்ப் 2.0 முதலே உண்டு. 2020-இல் 9-ஆம் பதிப்பில் வந்த 'இனிட்' பற்றியும் பேசினோம். அது ஆப்ஜெக்ட் பிறக்கும்போது மட்டும் எழுதவிடும். ஆனால் உருவாக்குபவர் எடையைக் கொடுக்க மறந்தாலும் கம்பைலர் (நிரலை மொழிபெயர்த்துச் சோதிக்கும் கருவி) பேசாமல் விட்டுவிடும், எடை பூஜ்யமாக நிற்கும். கட்டாயமான மதிப்புக்குக் கன்ஸ்ட்ரக்டரே மேல் என்று முடிவு செய்தோம்.

பிரைவேட் செட் போட்டுக் கம்பைல் செய்ததும் பிழைகள் கொட்டின. பயப்பட வேண்டாம், அந்தப் பட்டியல் பொக்கிஷம். வெளியிலிருந்து யார் யார் எடையில் கை வைக்கிறார்கள் என்பதைக் கம்பைலர் காட்டிக் கொடுத்துவிட்டது. பில் திரை தெரிந்ததுதான். எக்செல் கோப்பிலிருந்து ஏற்றும் பகுதி ஒன்று இருந்தது. அது வெற்று வரவை உருவாக்கி ஒவ்வொன்றாக நிரப்பியது, அதைக் கன்ஸ்ட்ரக்டருக்கு மாற்றினோம். ஒரு அறிக்கைத் திரை, கிலோவை டன்னாகக் காட்ட எடையை 1000 ஆல் வகுத்து அதே ஆப்ஜெக்டில் திருப்பி எழுதியிருந்தது! அந்தத் திரை எதையும் சேமிப்பதில்லை என்பதால் மட்டும் தப்பித்தோம்.

கம்பைலர் காட்டாத ஓரிடமும் இருந்தது. கணக்குத் திரையில் வரவுகளைக் கட்டம் கட்டமாகக் காட்டும் கிரிட். விண்டோஸ் ஃபார்ம்ஸ் கிரிட்டில் ஒரு லிஸ்டைக் கட்டிவிட்டால், பப்ளிக் செட் உள்ள ப்ராப்பர்ட்டியின் பத்தியில் கர்சரை வைத்துத் தட்டச்சு செய்தாலே மதிப்பு மாறும். யாரும் அப்படி ஒரு வசதியைத் திட்டமிட்டு வைக்கவில்லை, செட் திறந்திருந்ததால் தானாக வந்தது. ஈரக் கையோடு விசைப்பலகையைத் தொடும் இடத்தில் இது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. செட்டைப் பிரைவேட் ஆக்கியதும் அந்தப் பத்தி படிக்க மட்டும் என்று தானாக மாறிக்கொண்டது. கணக்குப் பையன் இரண்டு நாள் கழித்து, "அண்ணே, இப்ப எடையில டைப் பண்ண முடியலயே" என்றபோதுதான் அவன் இத்தனை நாள் அங்கே டைப் பண்ணியிருக்கிறான் என்பதே தெரிந்தது.

விலைக்குச் செட்டர் வேண்டாம் என்று முடிவெடுத்து, 'விலை நிர்ணயி', 'விலை திருத்து' என்று இரண்டு மெத்தடுகள் (கிளாஸ் செய்யும் செயல்கள்) வைத்தோம். இரண்டாவது, புது விலையோடு யார், என்ன காரணம் என்பதையும் கேட்கும். கணக்கு முடிந்திருந்தால் மறுத்துவிடும். செட்டரில் வைக்க முடியாத கேள்விகளை மெத்தடில் வைக்க முடிகிறது என்பதுதான் இதன் லாபம். தொகைக்குக் கெட் மட்டும்: கேட்கும்போது எடையையும் விலையையும் பெருக்கித் தரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. பின்னாளில் பைசாவை முழுதாக்கும் விதியைக் கூடம் மாற்றினால், பணம் கொடுத்து முடிந்த பழைய பில்லின் தொகையும் மாறிப்போகும். அதனால் 'கணக்கு முடி' என்ற மெத்தட் அந்த நேரத்துத் தொகையை எடுத்து உறைய வைக்கும். அதற்குப் பிறகு கெட் அந்த உறைந்த தொகையைத் தரும். வெளியிலிருந்து கேட்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கணக்கிட்டு வருகிறதா, எடுத்து வைத்திருக்கிறதா என்பதைக் கேட்பவர் அறியத் தேவையில்லை என்பது பெர்ட்ராண்ட் மேயர் தான் உருவாக்கிய ஐஃபெல் மொழியில் வலியுறுத்திய கொள்கை. சி ஷார்ப்பின் ப்ராப்பர்ட்டியும் அதையே சாத்தியமாக்குகிறது.

லிஸ்ட் விஷயம் தனி. 'படகுக் கணக்கு' என்ற கிளாஸில் 'வரவுகள்' என்று ஒரு லிஸ்ட். அதற்கு மட்டும் முந்தைய குழு செட் வைக்கவில்லை, பத்திரம் என்று நினைத்திருக்கிறார்கள். செட் இல்லை என்றால் வேறு லிஸ்டைக் கொண்டுவந்து மாட்ட முடியாது, அவ்வளவுதான். இருக்கிற லிஸ்டுக்குள் சேர்க்கலாம், நீக்கலாம், மொத்தமாகத் துடைக்கலாம். அறிக்கைத் திரை ஒன்று, சின்ன எடைகளை மறைக்க அவற்றை லிஸ்டிலிருந்தே நீக்கியிருந்தது. சேமிக்கும் திரையில் இது நடந்திருந்தால், படகுக் கணக்கு இல்லாமல் வரவு இருக்க முடியாது என்று உறவு வரையறுக்கப்பட்டிருப்பதால், என்டிட்டி ஃபிரேம்வொர்க் அந்த வரவுகளை டேட்டாபேஸிலிருந்தே அழித்திருக்கும். ஜாவாவில் 'ஃபைனல்' போட்ட லிஸ்டுக்கும் இதே கதிதான். பெயர்ப்பலகை மாறாது, சரக்கு மாறும்.

லிஸ்டைப் பிரைவேட் ஃபீல்டாக்கி, வெளியே படிக்க மட்டும் உள்ள உறையாகக் கொடுத்தோம். இங்கே சிலர் ஐரீட்ஒன்லிலிஸ்ட் என்ற வகைப் பெயரில் அதே லிஸ்டைத் திருப்பி அனுப்பிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். வாங்கியவர் அதை மறுபடி லிஸ்டாக காஸ்ட் செய்துகொண்டால் (வகை மாற்றிக்கொண்டால்) எழுதவும் முடியும். ஆஸ்ரீட்ஒன்லி தரும் உறையில் அது நடக்காது.

மற்ற மொழிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ஜாவாவில் ப்ராப்பர்ட்டி கிடையாது, மாறாத தரவுக்கு 2021-இல் 16-ஆம் பதிப்பில் நிலைபெற்ற 'ரெக்கார்டு' உண்டு. கோட்லினில் 'பிரைவேட் செட்' அப்படியே இருக்கிறது. பி.எச்.பி. 2021-இல் 8.1-இல் ரீட்ஒன்லியும், 2024-இல் 8.4-இல் படிக்க ஓர் அனுமதி, எழுத ஓர் அனுமதி என்பதையும் கொண்டுவந்தது. பைத்தானில் பூட்டு என்று எதுவும் கிடையாது. பெயருக்கு முன்னால் ஓர் அடிக்கோடு போட்டால் 'இது உள்வேலை, தொடாதே' என்று மரியாதையாகச் சொல்வதுதான். செட்டர் எழுதாத ப்ராப்பர்ட்டி வைத்தால் வெளியிலிருந்து எழுதும்போது பிழை காட்டும்.

ஓர் எச்சரிக்கை. இந்தப் பிரைவேட் எல்லாம் திருட்டுக்குப் பூட்டு அல்ல. ரிஃப்ளெக்ஷன் (ஓடும் நிரலின் உள்ளமைப்பைத் தொடும் வசதி) தெரிந்த நிரலாளர் பிரைவேட் ஃபீல்டையும் எழுதுவார். டேட்டாபேஸ் கடவுச்சொல் தெரிந்தவருக்கு நிரலே தேவையில்லை. கூடத்துக்காரர் இதைக் கேட்டதும் முகம் சுருங்கினார். தெரியாமல் நடக்கும் தவறை இது தடுக்கும், தெரிந்து செய்வதைத் தடுக்க டேட்டாபேஸ் அனுமதிகளும் மாற்றப் பதிவும் வேண்டும் என்று சொல்லி, அந்த வேலையைத் தனியாகச் செய்து கொடுத்தோம். எல்லா வேலைகளிலும் அதைத்தான் அவர் அதிகம் விசாரித்தார்.

புது வடிவத்தை ஏற்றுவதற்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். விசைப்படகுகள் கரையில் நிற்கும் காலம் அது. நாட்டுப்படகு வரவு மட்டும் என்பதால், பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டு ஒவ்வொரு பில்லையும் எடைச் சீட்டோடு ஒப்பிட முடிந்தது. புகார் சொன்ன படகுக்காரருக்கும், அவரைப் போல் குறைந்திருந்த மற்றவர்களுக்கும் வித்தியாசத் தொகை அடுத்த கணக்கில் சேர்க்கப்பட்டது. கூடுதலாகப் போனதைத் திருப்பிக் கேட்பதில்லை என்று கூடத்துக்காரரே முடிவு செய்தார்.

இப்போது மிச்சம் இருக்கும் தலைவலி 'விலை திருத்து' கேட்கும் காரணம். காலி விட்டால் ஏற்காதபடி வைத்திருந்தோம். ஒரு வாரம் கழித்துப் பதிவைத் திறந்தால் காரணப் பத்தி முழுக்க ஒரே ஒரு புள்ளி. கேட்டால், "நெரிசல் நேரத்துல என்னண்ணே எழுதுறது" என்கிறான் கணக்குப் பையன். அவன் சொல்வதும் சரி. எழுதும் பெட்டியை எடுத்துவிட்டு, மெலிந்தது, கால் உடைந்தது, பேரம், தப்பாகப் போட்டது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலாக மாற்றிக் கொடுத்திருக்கிறோம். 'பேரம்' தான் அதிகம் வருகிறது.